தாத்தா சொன்ன ‘சரி’

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் குடும்பம் முதலில் தேடுவது பிசியோதெரபிஸ்ட்டை. நடை வர வேண்டும், கை தூக்க வேண்டும், கழிப்பறைக்குத் தானாகப் போய்வர வேண்டும். எல்லாம் நியாயமான அவசரம்தான். பேச்சுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மட்டும், “முதல்ல கை கால் வரட்டும் மேடம், பேச்சு தானா வந்துரும்னு இருந்துட்டோம்” என்கிறார்கள். 1984-இல் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொந்தக்காரர்கள் சொன்னதும் இதையேதான். பேச்சுக்கென்று ஒரு வைத்தியம் உண்டு என்பதே அன்று எங்கள் ஊருக்குத் தெரியாது. இன்று சொல்கிறவர்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மூன்று மாதம் பீரோவில் வைத்திருந்துவிட்டு வந்து சொல்கிறார்கள்.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். காது கேளாத குழந்தைகள், பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைகள், திக்குவாய் உள்ள கல்லூரி மாணவர்கள் எல்லாரும் என்னிடம் வருகிறார்கள். எல்லாரோடும் வேலை செய்கிறேன். ஆனாலும் மனம் போய் ஒட்டிக்கொள்வது பக்கவாதத்தில் பேச்சிழந்த பெரியவர்களிடம். அஃபேசியா என்பது நோயின் பெயர். மூளையின் இடது பக்கத்தில், மொழியை ஆளும் பகுதிக்கு ரத்தம் போகாமல் அந்த இடம் சேதமாகும்போது இது வருகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வரும். சிலருக்குச் சொல் வாய்க்கு வராது, சிலருக்குக் கேட்பது விளங்காது, எழுத்தும் படிப்பும் கூடப் போய்விடும். ஆனால் ஆள் அவரேதான். யார் எதிரில் நிற்கிறார், எந்தப் பிள்ளைக்கு என்ன குணம், எந்த வயலுக்கு எந்த வாய்க்கால் எல்லாம் அவருக்குத் தெரியும். இதை வெளியில் இருப்பவர் நம்ப மறுக்கும்போது நடப்பதை நான் பாவாடை கட்டிய வயதிலேயே பார்த்தேன்.

எங்கள் ஊர் சீர்காழிக்குப் பக்கம். அன்று அது தஞ்சாவூர் மாவட்டம், 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம் ஆனது, 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். தாத்தா சிவன் கோயில் ஓதுவார். மூன்று வயதில் சம்பந்தர் பாடத் தொடங்கிய தலத்துக்குப் பக்கத்தில் தேவாரம் பாடிப் பிழைப்பது பெரிய கொடுப்பினை என்று அவர் நினைத்தார். கோயில் தந்தது சொற்பம். வீட்டை நடத்தியது ஆறு மா நஞ்சை. விடியற்காலையில் கிணற்றடியில் பண் இழுத்துப் பழகுவார். எங்கள் தெருவுக்கு அதுதான் கடிகாரம்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை அந்தக் குரல் வரவில்லை. கிணற்றடியில் விழுந்து கிடந்தார். வலது கை, வலது கால், கோணிய வாய். வாயு அடித்துவிட்டது என்றார்கள். மாட்டு வண்டியில் ஏற்றிச் சீர்காழிக்குக் கொண்டுபோய், சில நாளில் பிரஷர் மாத்திரையோடு திருப்பிக் கொண்டுவந்தார்கள். புறா ரத்தம் தேய்த்தால் கை ஓடும் என்று ஒருவர் புறாவையே பிடித்து வந்துவிட்டார். சைவ வீடு. ஆச்சி வாசலிலேயே நிறுத்தி, “அதைப் பறக்க விட்டுட்டுப் போங்க தம்பி” என்று அனுப்பினாள். பேச்சுக்கு மட்டும் எங்கே போவது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சீர்காழிக்கு மேற்கே திருக்கோலக்கா இருக்கிறது. சம்பந்தர் பெற்ற பொற்றாளத்துக்கு ஓசை தந்தவள் அங்குள்ள அம்மன். பேச்சு வராத பிள்ளைகளுக்காகப் பெற்றவர்கள் வந்து வேண்டிக்கொள்ளும் தலம். ஆச்சி தாத்தாவுக்காக வேண்டிக்கொண்டு வந்தாள். இன்று என்னிடம் வரும் பெற்றோர் பலர் அங்கே போய்விட்டுத்தான் வருகிறார்கள். நானும் அவர்களைப் போகச் சொல்கிறேன். வேண்டுதலைப் பயிற்சிக்கு எதிராக நிறுத்தினால் குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காது.

தாத்தாவின் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், ‘சரி’. பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, என் பெயரைச் சொல்ல முயன்றாலும் ‘சரி’. அந்த ஒரு சொல்லை அவர் ஏற்றி இறக்கிச் சொல்வதை வைத்து ஆச்சி பாதியைப் புரிந்துகொள்வாள். இப்படி ஒரே சொல் மிஞ்சுவதை மருத்துவ உலகம் வெகு காலமாக அறியும். 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் பரிசோதித்த லெபோர்ன் என்ற நோயாளிக்கு ‘டான்’ என்ற ஓசை மட்டுமே மிஞ்சியிருந்தது. அவர் இறந்த பின் மூளையைத் திறந்து பார்த்துத்தான், பேச்சை ஆளும் இடம் மூளையின் முன்மடலில் இருக்கிறது என்று புரோக்கா சொன்னார். இன்றும் அந்த இடத்துக்கு அவர் பெயர்தான்.

கார்த்திகை சோமவாரம் ஒன்றில், பக்கத்து ஊர் ஓதுவார் தாத்தாவைப் பார்க்க வந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் கட்டில் அருகே உட்கார்ந்து திருநீற்றுப் பதிகத்தைக் காந்தாரப் பண்ணில் எடுத்தார். இரண்டாவது அடியில் தாத்தா சேர்ந்துகொண்டார். சொல் சொல்லாக, எழுத்துப் பிசகாமல், பதினோரு பாட்டும். இடது கை தொடையில் தாளம் போட்டது. கேட்டு வாசலில் கூடிய தெருவே அழுதது. பாண்டியனின் வெப்பு நோய் தீரப் பாடிய பதிகம் அது என்பது எல்லாருக்கும் தெரியும். ஓதுவாருக்கும் தீர்ந்துவிட்டது என்றே எண்ணினார்கள். பாட்டு முடிந்ததும் ஆச்சி, “தண்ணி வேணுங்களா?” என்று கேட்டாள். தாத்தா வாயைத் திறந்தார். வந்தது ‘சரி’ மட்டும்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம் கூடியது. பாட வருகிறவருக்குப் பேச வராமல் போகுமா? வீம்பு என்றார் ஒருவர். யார் மேலோ மனத்தாங்கல், அதனால் வாய் திறக்க மாட்டேன் என்கிறார் என்றார் இன்னொருவர். எண்ணிக்கை வேறு அந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் தொடங்கினால் தாத்தா பத்து வரை தானே போய்விடுவார். எத்தனை இட்லி வேண்டும் என்று கேட்டால் நாலு என்று சொல்ல வராது. ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து நாலில் நிறுத்தி ஆச்சியின் முகத்தைப் பார்ப்பார். நடிக்கிறார் என்று நினைத்தவர்கள் அந்தப் பார்வையை ஒருமுறை நேராகப் பார்த்திருக்கலாம்.

இதற்கெல்லாம் விளக்கம் உண்டு. ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய பாட்டும், எண்ணிக்கையும், கிழமைகளும், சாமி பெயரும் ஒரு வழியில் வருகின்றன. அந்த நிமிடத்துக்குப் புதிதாகக் கட்டிச் சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு வழியில் வருகிறது. இரண்டாவது வழி முறிந்தவருக்கு முதலாவது பிழைத்திருக்கலாம். பாட்டுக்கு மூளையின் வலது பக்கமும் துணை நிற்கிறது. புரோக்காவுக்கு நூறு வருடத்துக்கு முன்பே, 1745-இல், ஸ்வீடன் நாட்டில் ஓலோஃப் டாலின் என்பவர் இப்படி ஒருவரைப் பற்றி எழுதி வைத்தார். வலது பக்கம் விழுந்து பேச்சற்றுப் போன மனிதர், முன்பே பாடமான தேவாலயப் பாடல்களைச் சொற்களோடு பாடினாராம். சீர்காழிப் பக்கத்து ஓதுவாரும் அந்த ஸ்வீடன்காரரும் ஒரே நோயில், ஒரே வகை வரத்தோடு இருந்தவர்கள்.

ஆச்சிக்கு இது ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் ஒரு வேலை செய்தாள். சாப்பிட அழைப்பதைப் பதிக ராகத்திலேயே இழுத்து அழைப்பாள். தாத்தாவின் இடது கையைப் பிடித்துத் தாளம் போட்டுக்கொண்டே, “சாப்பிட வாங்க” என்று பாடுவாள். பல நாள் ‘சரி’. சில நாள், அதே ராகத்தில், “வரேன்” என்று வரும். வீடே சிரிக்கும், அவரும் சிரிப்பார். ‘தண்ணி’யும் இப்படி ராகத்தில் கொஞ்ச நாள் வந்தது. 1973-இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர், சொற்றொடரை ராகமாக இழுத்து இடது கையால் தாளம் தட்டிச் சொல்லவைக்கும் ஒரு பயிற்சியை வெளியிட்டிருந்தார்கள். இன்று நானும் தகுந்தவர்களுக்கு அதைச் செய்கிறேன். எல்லாருக்கும் பலிக்காது, பழக்கிய சொற்றொடர் வரும், புதிதாகப் பேசும் திறன் அதே அளவுக்கு வராது. இதை முதல் நாளே குடும்பத்திடம் சொல்லிவிடுவேன்.

தாத்தா விஷயத்தில் என்னை இந்தத் தொழிலுக்குத் தள்ளியது பாட்டு அல்ல. வயல்.

வைத்தியச் செலவில் கடன் ஏறியிருந்தது. ஆறு மாவில் மூன்று மாவை விற்பதென்று பங்காளிகள் பேசினார்கள். மூத்தவர் ஒருவர் கட்டிலருகே வந்து, “கிழக்கால மூணு மாவ குடுத்துரலாமுங்களா?” என்று கேட்டார். தாத்தா சொன்னார், “சரி.” இடது கை வேகமாக ஆடியது, முகம் சிவந்தது. மறுபடியும் “சரி, சரி” என்றார். “பெரியவரே சரின்னுட்டாரு, அப்பறம் என்ன?” என்று பேச்சை முடித்தார்கள். முத்து முத்தாக ஏடு பெயர்த்து எழுதிய கைக்கு மை தடவி, பத்திரத்தில் கைநாட்டு வைக்க வைத்தார்கள். அன்றிலிருந்து பல வாரம் அவர் பாடவில்லை. கிழக்குப் பக்கம் கையை நீட்டி ‘சரி’ என்று கத்துவார். புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். நான் நாலாம் வகுப்பு. கலங்கியது அவருடைய புத்தி இல்லை என்று எனக்குப் பட்டது. சொன்னால் யார் கேட்பார்கள்? 1989-இல் இறக்கும் வரை தாத்தாவிடம் வேறு எதைப் பற்றியும் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

மைசூருக்கு நான் போனது பத்திரிகையில் வந்த ஒரு சேர்க்கை அறிவிப்பால். மானசகங்கோத்ரியில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் அது. இன்ஜினியரிங் கிடைக்காத பிள்ளைக்கு ஏதோ ஒரு படிப்பு என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அங்கே ஒரு வகுப்பில் ஒலிநாடா போட்டார்கள். கன்னடம் பேசும் ஒரு பெரியவர், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல், ஒன்றிலிருந்து எண்ணி ஏழில் நிறுத்தினார். அன்று இரவே ஆச்சிக்குக் கடிதம் எழுதினேன், தாத்தா வீம்பு பிடிக்கவில்லை, அது நோயின் இயல்பு என்று. பக்கத்து வீட்டுப் பையனை வைத்து ஆச்சி பதில் எழுதச் சொல்லியிருந்தாள். “எனக்கு அப்பவே தெரியும். நீ நல்லா சாப்புடு.”

படித்து வந்து வேலை தொடங்கியபோது கையில் இருந்த கருவிகள் வேறொரு ஊருக்குச் செய்தவை. பொருளின் பெயர் சொல்லும் திறனைப் பார்க்க உலகமெங்கும் பயன்படும் பாஸ்டன் சோதனையில் அறுபது படங்கள். அதில் பனிக்கட்டி வீடு இருக்கிறது, பீவர் என்ற விலங்கு இருக்கிறது, ஸ்பிங்க்ஸ் இருக்கிறது. கொள்ளிடக்கரை விவசாயி ஒருவர் பனிக்கட்டி வீட்டைப் பார்த்து மௌனமாக இருந்தால், மறந்துபோன சொல்லா, அறியாத சொல்லா? நான் என் படங்களை நானே சேர்த்தேன். அரிவாள்மணை, முறம், களைக்கொட்டு, சைக்கிள் பம்ப், குத்துவிளக்கு, மண்வெட்டி. முறத்தின் படத்தைப் பார்த்ததும் கையால் புடைத்துக் காட்டி, அந்த அசைவின் பின்னாலேயே சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்த பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாறியது எவ்வளவோ. அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு, நாலரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. மாட்டு வண்டியின் இடத்தில் 108 வந்து நிற்கிறது. சட்டமும் மாறியது. 1995-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, அஃபேசியாவுக்கு அதில் இடமில்லை. 2016-ஆம் வருடச் சட்டம் இருபத்தொன்றை ஏற்றுக்கொண்டது. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு அதில் ஒன்று, அஃபேசியாவின் பெயரையே சட்டம் சொல்கிறது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்குச் சமமாகச் சொத்து வைத்திருக்கவும் தன் பண விவகாரங்களைத் தானே நடத்தவும் உரிமை உண்டு என்கிறது. இந்தப் பிரிவை முதலில் படித்தபோது கிழக்கு மூன்று மா என் கண்ணில் வந்து நின்றது.

இனி எதிர்ப்பக்கம், அன்று இருந்து இன்று இல்லாமல் போனது. தாத்தா படுத்திருந்தது வாசலை ஒட்டிய ரேழியில். காலையில் பால்காரர் நின்று பேசுவார், பள்ளிக்கூடம் விட்டால் நாங்கள் எட்டுப் பேர் அவர் கட்டிலைச் சுற்றித்தான் விளையாடுவோம், மாலையில் பஞ்சாங்கம் படிக்க ஒருவர் வருவார். வீம்பு என்று சொன்னவர்களும் தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னார்கள். அவரைச் சுற்றி நாள் முழுக்கத் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயைப் பார்த்துக் காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

என்னிடம் வரும் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவரைச் சொல்கிறேன். மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். இரண்டு பேரும் அப்பாவுக்காக எதையும் செலவழிக்கத் தயங்காதவர்கள். மாத்திரை வேளை தவறாது, வசதியான படுக்கை, பேசாதவர் தொட்டுச் சொல்லப் படம் போட்ட டேப்லெட், இரவும் பகலும் கூட இருக்க ஒரு பையன். அந்தப் பையன் தங்கமானவன். ஆனால் ஒடிசாவிலிருந்து வந்தவன், தமிழ் தெரியாது. தமிழை இழந்து, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பத் தேடிக்கொண்டிருக்கும் மனிதரின் வீட்டில் தமிழ் பேசுவது தொலைக்காட்சி மட்டும். வீடியோ அழைப்பில் மகன், “சாப்டீங்களாப்பா? தூங்குனீங்களா? நல்லா இருக்கீங்கல்ல?” என்று மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, பதில் எழும்புவதற்குள் “சரிப்பா, ரெஸ்ட் எடுங்க” என்று வைத்துவிடுகிறார். அன்பு இல்லாமல் அல்ல. அப்பா திணறுவதைப் பார்க்க மகனுக்குத் தாங்கவில்லை.

முதல் நாள் அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. படம் வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். “மாயவரம்” என்று சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். கொஞ்ச நேரம் போனது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று பொறையார் வரை நிறுத்தங்கள் இறங்கி வந்தன. கடைசியில் ஒரு “ரைட்”. நிறுத்தங்களின் நடுவே ஊர்க்காரர் ஒருவரின் பெயரைச் சேர்த்தோம், அங்கே டீ குடித்த கதையைச் சேர்த்தோம், இப்போது திருக்கடையூரில் இறங்கி மகளின் கல்யாணம் வரை வந்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு தடவை, முக்கால் மணி நேரம். எனக்குத் தெரிந்ததையெல்லாம் அந்த முக்கால் மணியில் செய்கிறேன். மீதி நேரமெல்லாம் அவர் யாரோடு பேசுவார்? ஆச்சிக்கு நான் படித்த படிப்பு கிடைத்திருந்தால், அல்லது இந்த நடத்துநருக்கு எங்கள் ரேழி கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் ஒரு நாளும் என் அறையைப் பூட்டுவதில்லை.

வீட்டில் இருப்பவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எதிரில் உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டுவிட்டுக் காத்திருங்கள், சொல்லை நீங்களே எடுத்துக் கொடுக்கும் அவசரம் வேண்டாம். அவருக்குப் பாடமான பாட்டோ, ஜெபமோ, வாய்பாடோ எதுவானாலும் தினம் சேர்ந்து சொல்லுங்கள். கனடாவின் டொரோண்டோவில் ஆரா கேகன் என்ற பேச்சு மொழி வல்லுநர் 1990-களில் இதற்கென்று ஒரு முறையையே உருவாக்கினார். நோயாளிக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையை அவர் முகத்துக்கு நேராகக் காட்டுவது, கேள்வியைப் பேச்சோடு நிறுத்தாமல் எழுதியும் வரைந்தும் கேட்பது, கிடைத்த பதிலை மறுபடி உறுதி செய்துகொள்வது என்று போகும் அந்த முறை. அதில் பேசப் பழக வேண்டியவர் நோயாளி மட்டுமல்ல, எதிரில் இருப்பவரும்தான்.

கடைசியாக ஒன்றை எங்கள் வயலின் பெயரால் கேட்கிறேன். பேச்சிழந்த பெரியவரிடம் பணம், நிலம், ஆபரேஷன், யார் வீட்டில் இருப்பது போன்றவற்றைக் கேட்க நேர்ந்தால், அவர் வாயில் வரும் முதல் ‘சரி’யையோ ‘வேண்டாம்’ என்பதையோ முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அஃபேசியாவில் ஆமாவும் இல்லையும் இடம் மாறி வருவது சாதாரணம். ‘விற்கலாம்’, ‘விற்க வேண்டாம்’ என்று இரண்டு தாளில் எழுதி வையுங்கள். படிக்க வராதவருக்கு வயலையும் பணத்தையும் வரைந்து காட்டுங்கள். நன்றாக இருக்கும் கையால் தொடச் சொல்லுங்கள். பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை கேளுங்கள், மறுநாள் காலையில் ஒரு முறை கேளுங்கள். மூன்று தடவையும் கை ஒரே தாளுக்குப் போனால் அது அவருடைய பதில். போகாவிட்டால் பத்திரம் காத்திருக்கட்டும்.